அழையாமல் விழிக்கும் கருவிகள்

காரணமின்றிக் காரியம் நிகழாது என்பது உலகம் ஒப்பிய உண்மை. ஆயினும், காரணம் கண்ணுக்குப் புலப்படாதவிடத்து மக்கள் மனம் அஞ்சுகிறது. அச்சம் புகுந்தவிடத்து ஆராய்ச்சி வெளியேறுகிறது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்னும் பழமொழி இவ்வியல்பினை நன்கு விளக்கும். இருளிற் கிடந்த கயிற்றைப் பாம்பென்று கண்டு அலறியவன், விளக்கைக் கொணர்ந்து பார்த்த அளவில் தன் அச்சத்தை எண்ணித் தானே நகைக்கின்றான். இக்காலத்து இல்லங்களிலும் இத்தகைய கயிற்றரவுகள் தோன்றுவதுண்டு. எவரும் தொடாதிருக்கத் தாமே விழித்துக்கொள்ளும் மின்னணுக் கருவிகள் அவற்றுள் ஒன்றாம்.

ஓர் இல்லத்தின் நிலையை மனத்தகத்தே எண்ணிப் பார்க்க. கூடத்துச் சுவரில் ஒரு தொலைக்காட்சிப் பெட்டி இருக்கிறது. அதன் கீழே, அலைவரிசைகளைப் பெற்றுத் தரும் செட்டாப் பாக்ஸ் ஒன்றும், இணையத்தின் வழியாகத் திரைப்படங்களைக் கொணரும் சிறு பெட்டி ஒன்றும், ஒலியைத் திருத்தமாகப் பெருக்கித் தரும் சவுண்டுபார் ஒன்றும் அமைந்துள்ளன. அவ்வீட்டுப் பாட்டியார் நல்ல காற்றோட்டமுள்ள அக்கூடத்திலேயே உறங்குவது வழக்கம். ஒரு நாள் நள்ளிரவு கடந்த வேளையில் கூடம் முழுவதும் திடீரென ஒளி பரவிற்று, பேரொலி எழுந்தது. பாட்டியார் நெஞ்சு படபடக்க எழுந்தார். இருளில் ரிமோட்டைத் தேடிக் கண்டெடுத்துத் தொலைக்காட்சியை அணைப்பதற்குள் அவர் உடல் வியர்த்துவிட்டது. நான்கு நாள் கழித்து மீண்டும் அவ்வாறே நிகழ்ந்தது; அடுத்த வாரத்தில் இருமுறை நிகழ்ந்தது.

வீட்டார் ஒவ்வொருவரும் ஒவ்வொன்று கூறினர். தொலைக்காட்சி பழுதுற்றது, புதியதொன்று வாங்குவோம் என்றார் மகனார். மின்பணியாளர் வந்து, வீட்டுக் கம்பிகளில் குறையில்லை என்று சொல்லிச் சென்றார். அண்டை வீட்டம்மையார், இது நல்லதற்கன்று என்று தலையசைத்தார். பாட்டியாரோ எதுவும் கூறவில்லை. தம் பாயையும் தலையணையையும் எடுத்துக்கொண்டு புழுக்கமான உள்ளறைக்குப் போய்விட்டார். ஒன்பதாம் வகுப்பிற் பயிலும் பேர்த்தி மட்டும், “இதற்கு ஒரு காரணம் இருக்கத்தானே வேண்டும்?” என்று வினவினாள்.

அவள் வினவியது தக்க வினா. அதற்கு விடை காண வேண்டுமாயின், கருவிகளை எட்டவிருந்து ஏவும் கலை எவ்வாறு வளர்ந்தது என்பதையும், கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் முறையையும் முதற்கண் அறிதல் வேண்டும்.

தொலைவிலிருந்து ஏவுதல்

தொலைக்காட்சி தோன்றிய தொடக்கத்தில், அதனை இயக்கவும் அணைக்கவும் காண்போர் எழுந்து சென்றே தீரவேண்டும். இத்தொல்லையை நீக்க விரும்பிய அமெரிக்க நாட்டு செனித் நிறுவனத்தைச் சார்ந்த யூஜின் பாலி என்பவர், 1955-ஆம் ஆண்டில் ‘பிளாஷ்மேட்டிக்’ என்னும் கருவியை அமைத்தார். அது கைவிளக்குப் போன்றது. தொலைக்காட்சித் திரையின் நான்கு மூலைகளிலும் ஒளியுணரும் கண்கள் வைக்கப்பட்டிருந்தன. எந்த மூலையில் ஒளி பாய்ச்சப்பட்டதோ, அம்மூலைக்குரிய செயல் நிகழ்ந்தது. ஆனால், அக்கண்கள் கைவிளக்கின் ஒளி இது, கதிரவன் ஒளி இது எனப் பகுத்தறிய வல்லன அல்ல. ஆதலின், சாளரத்தின் வழியே வெயில் திரைமீது பட்டபோது, எவரும் ஏவாமலே தொலைக்காட்சி தன் போக்கில் இயங்கலாயிற்று.

அடுத்த ஆண்டிலேயே, வியன்னா நகரிற் பிறந்த இராபர்ட் அட்லர் என்னும் அறிஞர் அந்நிறுவனத்திற்கு வேறொரு வழி கண்டார். அவர் அமைத்த கருவியில் நான்கு சிறு அலுமினியக் கோல்கள் இருந்தன. பொத்தானை அழுத்தினால் ஒரு சிறு சுத்தியல் கோலின் முனையில் தட்டும். மனிதர் செவிக்கு எட்டாத நுண்ணொலி எழும். தொலைக்காட்சி அதனைக் கேட்டுப் பணி செய்யும். மின்கலம் எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை. ஒளியால் விளைந்த குழப்பம் இதனால் ஒழிந்தது. ஆயினும், சாவிக்கொத்துக் குலுங்கும்போதும், நாணயங்கள் உராயும்போதும் அதே வகை நுண்ணொலி எழுவதுண்டு. அப்போது அலைவரிசை தானே மாறிற்று. அழையாமல் விழிக்கும் கருவி இக்காலத்தில் புதிதாகத் தோன்றியதன்று என்பது இவற்றால் விளங்கும். எட்டவிருந்து ஏவலாம் என்னும் வசதி வந்த அன்றே, பிறிதொன்றை ஏவலெனப் பிறழக் கொள்ளும் மயக்கமும் உடன் வந்துவிட்டது.

பின்னர் அகச்சிவப்புக் கதிர்களைக் கொண்டு ஏவும் முறை பரவியது. இன்றைய ரிமோட்டுகளில் மிகப் பல இவ்வகையைச் சார்ந்தனவே. கண்ணுக்குத் தெரியாத இவ்வொளி ஒரே சீராக எரிவதன்று. நொடிக்கு ஏறத்தாழ 36,000 முதல் 40,000 முறை வரை துடித்துத் துடித்து எரியும். அத்துடிப்புள்ள ஒளியை மட்டுமே கருவி கருத்திற்கொள்ளும். வெயிலையும் விளக்கையும் புறக்கணிக்கும். மேலும், ஒவ்வோர் ஏவலின் தொடக்கத்திலும் அஃது எவ்வகைக் கருவிக்கு உரியது என்பதைக் காட்டும் முகவரி எண் இணைக்கப்படுகிறது. பிலிப்ஸ் நிறுவனம் வகுத்த ஒரு முறையில் 32 முகவரிகளும், முகவரி ஒவ்வொன்றுக்கும் 64 ஏவல்களும் இடம்பெற்றன. இவ்வளவு காப்பிருந்தும், ஒரே நிறுவனத்தின் இரு தொலைக்காட்சிகள் ஓரறையில் இருப்பின், ஒன்றற்கு இட்ட ஏவலை மற்றொன்றும் ஏற்றுக்கொள்ளும். ஒரே பெயருடைய இருவர் ஒரு வீட்டில் இருந்தால், ஒருவரை அழைக்க இருவரும் வருதல் போல்வது இது.

ஒரு கம்பியில் உரையாடல்

காலம் செல்லச் செல்ல, இல்லத்தில் கருவிகள் பெருகின. கருவிக்கொரு ரிமோட்டாக ரிமோட்டுகளும் பெருகின. ஒரு படத்தைப் பார்க்க விரும்பியவர், தொலைக்காட்சியை ஒன்றாலும், படம் தரும் பெட்டியை மற்றொன்றாலும், ஒலிபெருக்கியை இன்னொன்றாலும் இயக்க வேண்டியவராயினார். ஒரு கருவியை இயக்கினால் ஏனையவும் தாமே இயங்குமாறு செய்தல் இயலாதா என்று அறிஞர் எண்ணினர். பிரான்சு நாட்டில் 1970-களின் இறுதியில் தோன்றிய ‘ஸ்கார்ட்’ என்னும் இணைப்பில், படம் தரும் பெட்டி ஓர் ஊசியின் வழியே சிறு மின்னழுத்தத்தை அனுப்பும். அதனை உணர்ந்த தொலைக்காட்சி அப்பெட்டியின் பக்கம் தானே திரும்பும். கருவிகளின் உரையாடலுக்கு அது பிள்ளைப் பருவம் எனலாம்.

அவ்வுரையாடல் முழு வளர்ச்சி பெற்றது எச்.டி.எம்.ஐ. கேபிளில் ஆகும். ஹிட்டாச்சி, மட்சுஷிட்டா, பிலிப்ஸ், சிலிக்கன் இமேஜ், சோனி, தாம்சன், தோஷிபா என்னும் ஏழு நிறுவனங்கள் கூடி வகுத்த இவ்விணைப்பின் முதற் பதிப்பு 2002-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் வெளிவந்தது. இக்கேபிளின் முனையில் 19 ஊசிகள் உள்ளன. அவற்றுட் பல படத்தையும் ஒலியையும் சுமந்து செல்கின்றன. 13-ஆம் ஊசியோ படத்தையும் சுமப்பதில்லை, ஒலியையும் சுமப்பதில்லை. கருவிகள் தம்முள் பேசிக்கொள்வதற்கென்றே அஃது ஒதுக்கப்பட்டது. இவ்வேற்பாட்டிற்குச் சி.இ.சி. என்பது பெயர், இல்லத்து மின்னணுக் கருவிகளைக் கட்டுப்படுத்தும் முறை என்பது அதன் கருத்து.

தொலைக்காட்சியில் எத்தனை கேபிள்கள் செருகப்பட்டிருப்பினும், அவற்றின் 13-ஆம் ஊசிகள் யாவும் ஒரே கம்பியாக ஒன்றுபடுகின்றன. அக்கம்பி ஊர்ப் பொதுத் திண்ணை போன்றது. ஒருவர் பேசினால் அங்குள்ள அனைவர் செவியிலும் அது விழும். யாரை நோக்கிப் பேசினாரோ அவர் விடை தருவார். பேச்சில்லாத வேளையில் அக்கம்பியில் 3.3 வோல்ட் மின்னழுத்தம் நிற்கும். பேச விரும்பும் கருவி அதனைச் சிறிது நேரம் தாழ்த்தும். மிகக் குறுகிய நேரம் தாழ்த்தினால் அது ‘ஒன்று’ என்னும் குறியாம். சற்று நீண்ட நேரம் தாழ்த்தினால் அது ‘சுழி’ என்னும் குறியாம். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு மாத்திரை எனத் தமிழிலக்கணம் ஒலியின் அளவால் எழுத்தை வேறுபடுத்துவது போல, இங்கும் கால அளவே குறிகளை வேறுபடுத்துகிறது. குறி ஒன்றற்கு ஆகும் நேரம் 2.4 மில்லி நொடி.

ஒவ்வொரு செய்தியின் தலைப்பிலும் இரண்டு எண்கள் உண்டு: ஒன்று அனுப்புவோர் எண், மற்றொன்று பெறுவோர் எண். தொலைக்காட்சிக்குச் சுழி என்னும் எண்ணும், ஒலிபெருக்கிக்கு 5 என்னும் எண்ணும், படம் தரும் பெட்டிகளுள் முதலாவதற்கு 4 என்னும் எண்ணும் வகுக்கப்பட்டுள்ளன. 15 என்னும் எண் எல்லார்க்கும் பொதுவானது. அவ்வெண்ணுக்கு அனுப்பப்படும் செய்தி, ஊரார் அனைவரும் கேட்க முரசறைவது போன்றதாகும். இருவர் ஒரே நொடியிற் பேசத் தொடங்கினால், எண்ணிற் பெரியவர் பேச்சை நிறுத்திக்கொண்டு எண்ணிற் சிறியவர்க்கு வழிவிடல் வேண்டும் என்னும் அவையடக்கமும் அங்கே உண்டு.

படம் தரும் பெட்டியின் பொத்தானை ஒருவர் அழுத்துகிறார் என்று கொள்க. அப்பெட்டி உடனே தொலைக்காட்சியை நோக்கி, “விழித்தெழுக, படம் காட்ட ஆயத்தமாகுக” என்னும் பொருள்பட ஒரு செய்தி விடுக்கும். இதற்கு ஆகும் நேரம் ஏறத்தாழ 50 மில்லி நொடி. அதாவது ஒரு நொடியை இருபது கூறாக்கினால் அவற்றுள் ஒரு கூறு. பின்னர், “இப்போது காட்சி தருபவன் யானே, இன்ன வாயிலில் இருக்கின்றேன்” என்று அனைவர்க்கும் முரசறையும். இதற்கு நொடியில் பத்திலொரு கூறு போதும். தொலைக்காட்சி விழித்து அவ்வாயிலின் பக்கம் திரும்பும்; ஒலிபெருக்கியும் உடன் எழும். காண்போர்க்கு ஒரு பொத்தானை அழுத்திய உழைப்பே மிச்சம்.

நன்மையும் தொல்லையும்

இவ்வேற்பாடு நன்மையே கருதி அமைந்தது. ஆயினும், ஏவலைக் கேட்கும் கருவி, அது யாருடைய விருப்பத்தால் எழுந்தது என்று ஆராய்வதில்லை. மனிதர் பொத்தானை அழுத்தியதனால் வந்த செய்தியும், பெட்டி தானே அனுப்பிய செய்தியும் அதற்கு ஒரே தன்மையன. தொல்லையின் வேர் இங்கேதான் உள்ளது.

படம் தரும் பெட்டிகள் பல, இக்காலத்தில் சிறு கணிப்பொறிகளே. அவை இரவில் புதிய மென்பொருளைப் பெற்றுத் தம்மைத் தாமே புதுக்கிக்கொண்டு, மீண்டும் தொடங்குவதுண்டு. மின்சாரம் நின்று திரும்ப வரும்போதும் அவை முதலிலிருந்து தொடங்கும். அவ்வாறு தொடங்கும்போது சில பெட்டிகள், “காட்சி தருபவன் யானே” என்று முரசறைந்துவிடுகின்றன. உறங்கும் தொலைக்காட்சி அதனை நம்பி எழுகின்றது. இன்னும், வீட்டிலுள்ள ஒருவர் தம் கைப்பேசியில் கண்ட படத்தைப் பெரிய திரைக்கு அனுப்பும் குறியைத் தவறுதலாகத் தொட்டுவிட்டால், மற்றோர் அறையில் எவருமில்லாத கூடத்தில் தொலைக்காட்சி விழித்துக்கொள்ளும்.

எழுப்புவதில் மட்டுமன்றி, உறங்கச் செய்வதிலும் இக்குழப்பம் நேரும். தொலைக்காட்சியை அணைக்கும்போது, “அனைவரும் உறங்குக” என்னும் பொதுச் செய்தி சென்றால், அவ்வேளையில் ஒலிபெருக்கியில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருப்பவரின் பாட்டும் இடையிலே அற்றுப்போகும்.

இதனோடு பெயர்க்குழப்பமும் சேர்ந்துகொண்டது. சி.இ.சி. என்னும் பொதுப்பெயரை நிறுவனங்கள் பல வெளிப்படையாக வழங்குவதில்லை. சாம்சங் அதனை ‘அனிநெட் பிளஸ்’ என்றும், சோனி ‘பிராவியா சிங்க்’ என்றும், எல்.ஜி. ‘சிம்பிளிங்க்’ என்றும், பானசோனிக் ‘வியெரா லிங்க்’ என்றும், பிலிப்ஸ் ‘ஈசிலிங்க்’ என்றும் பெயரிட்டன. பெயர் பலவாயினும் பொருள் ஒன்றே என்பதை அறியாதார், தம் கருவியில் இவ்வசதி உள்ளதென்பதையே அறியாதிருக்கின்றனர்.

முதற்காரணம் காணும் முறை

இனி, தொல்லை நேர்ந்த இல்லத்தில் அதன் முதற்காரணத்தைக் காண்பது எவ்வாறு என்பதை ஆராய்தல் வேண்டும். இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டா. கூர்ந்த நோக்கும், ஒரு குறிப்பேடும், சிறிது பொறுமையும் போதும்.

முதலாவதாகச் செய்யத்தக்கது குறித்து வைத்தல். எந்நாள், எந்நேரத்தில் நிகழ்ந்தது? எந்தக் கருவி முதலில் விழித்தது? விழித்த தொலைக்காட்சி எந்த வாயிலின் காட்சியைக் காட்டிற்று? அவ்வேளையில் வீட்டில் வேறு என்ன நிகழ்ந்தது? இவற்றை உடனுக்குடன் எழுதிவைத்தல் வேண்டும். திரையில் தோன்றிய காட்சி எப்பெட்டிக்குரியதோ, அப்பெட்டியின் மீது ஐயம் கொள்ளுதல் பெரும்பாலும் பொருந்தும். ஆனால் ஐயம் வேறு, துணிபு வேறு.

இரண்டாவதாக, தொல்லை தொலைக்காட்சியினுள் உள்ளதா, அதனைச் சார்ந்த பெட்டிகளில் உள்ளதா எனப் பகுத்துக் காணுதல் வேண்டும். தொலைக்காட்சியிற் செருகியுள்ள எச்.டி.எம்.ஐ. கேபிள்கள் அனைத்தையும் கழற்றிவிடுக. அதன் பின்னும் அது தானே விழிக்குமாயின், குறை கேபிள் வழி வந்ததன்று. குறித்த நேரத்தில் எழுமாறு வைக்கப்பட்ட கடிகார அமைப்பு இருக்கக்கூடும். ரிமோட்டின் பொத்தான் அழுந்தியவாறே சிக்கியிருக்கக்கூடும். கைப்பேசியின் ஏவல் வீட்டு இணையத்தின் வழியே வந்திருக்கவும் கூடும். இவற்றை ஒவ்வொன்றாக நோக்குக. ரிமோட்டின் மின்கலங்களை ஓரிரவு எடுத்துவைப்பதே அதன்மீதுள்ள ஐயத்தைத் தீர்க்கும்.

கேபிள்களைக் கழற்றியபின் தொல்லை நிகழாதிருப்பின், குற்றம் அவற்றின் மறுமுனையில் உள்ளது. இப்போது மூன்றாவது படி: கேபிள்களை ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பச் செருகுக. ஒரு காலத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுதல் வேண்டும் என்பது இங்குக் கைக்கொள்ளத்தக்க தலையாய விதி. இரண்டை ஒருங்கே மாற்றினால், விளைந்த பயன் எதனால் விளைந்தது என்று கூறவியலாது. இரண்டு மருந்துகளை ஒருங்கே உண்டவன், தன் நோய் எம்மருந்தால் தீர்ந்தது என்று அறிய மாட்டாதது போல்வது இது.

ஒவ்வொரு மாற்றத்தின் பின்னும் போதிய காலம் பொறுத்திருத்தலும் இன்றியமையாதது. நான்கு நாட்களுக்கொரு முறை நிகழும் தொல்லை, ஓரிரவு நிகழவில்லை என்பதனால் தீர்ந்ததாகாது. ஆனால், தொல்லையை வேண்டும்போது வரவழைக்கும் வழி கிட்டுமாயின், பல நாள் வேலை ஒரு பிற்பகலில் முடிந்துவிடும். அவ்வழியைக் காட்டுவது குறிப்பேடே ஆகும்.

முற்கூறிய இல்லத்துப் பேர்த்தி அத்தகைய குறிப்பேடு ஒன்றை வைத்திருந்தாள். தொல்லை நிகழ்ந்த நாட்களின் காலையில், சமையலறை மின்னடுப்பிலுள்ள கடிகாரம் நேரத்தைக் காட்டாமல் மின்னிமின்னி நின்றதை அவள் கண்டு எழுதியிருந்தாள். ஏனைய நாட்களில் அஃது ஒழுங்காக ஓடிற்று. மின்சாரம் நின்று வந்தாலன்றி அக்கடிகாரம் அவ்வாறு நிற்பதில்லை. ஆகவே, இரவில் மின்சாரம் சிறிது நேரம் நின்று மீண்டதற்கும், தொலைக்காட்சி விழித்ததற்கும் தொடர்பு உண்டு என்று அவள் கருதினாள். கருதியதனோடு நில்லாது அதனைச் சோதிக்கவும் முற்பட்டாள்.

ஒரு விடுமுறை நாளின் பிற்பகலில், தந்தையார் உடனிருக்க, எல்லாக் கருவிகளையும் உறங்கு நிலையில் வைத்து, கூடத்துச் சுவரிலுள்ள மின்சுவிட்சை அணைத்து, சிறிது நேரம் பொறுத்து மீண்டும் போட்டாள். ஒரு நிமிடம் கழிவதற்குள் தொலைக்காட்சி ஒளிர்ந்தது. நள்ளிரவுத் தொல்லை நண்பகலில் பிடிபட்டது. பின்னர் மூன்று கேபிள்களையும் கழற்றிவிட்டு அவ்வாறே செய்தாள். தொலைக்காட்சி உறங்கியே கிடந்தது. செட்டாப் பாக்ஸின் கேபிளை மட்டும் செருகிச் செய்தாள், உறக்கம் கலையவில்லை. சவுண்டுபாரின் கேபிளை மட்டும் செருகிச் செய்தாள், அப்போதும் கலையவில்லை. இணையத் திரைப்படப் பெட்டியின் கேபிளைச் செருகிச் செய்த அளவில், தொலைக்காட்சி திடுமென விழித்தது. அதனைக் கழற்றி மீண்டும் சோதித்தாள், விழிக்கவில்லை. திரும்பச் செருகினாள், விழித்தது. உள்ளவிடத்து நிகழ்ந்து இல்லாதவிடத்து நிகழாமை கண்டபின்னரே, காரணம் இதுவென்று அவள் துணிந்தாள்.

தீர்வும் அதன் விலையும்

காரணம் கண்டவர்க்குத் தீர்வு எளிது. திரைப்படப் பெட்டியின் அமைப்புகள் பகுதியில், தொலைக்காட்சியைத் தானே எழுப்பும் உரிமையைத் தரும் குறி ஒன்று இருந்தது. அதனை நீக்கியதும் தொல்லை ஒழிந்தது. தொலைக்காட்சியில் சி.இ.சி. முழுவதையும் நிறுத்தியிருப்பினும் தொல்லை நின்றிருக்கும்; ஆனால் வேறொரு நன்மையும் உடன் அழிந்திருக்கும். தொலைக்காட்சியின் ஒலியை அதே கேபிளின் வழியாகச் சவுண்டுபாருக்குத் திருப்பியனுப்பும் ஏ.ஆர்.சி. என்னும் வசதி, 2009-ஆம் ஆண்டு எச்.டி.எம்.ஐ. 1.4 பதிப்பில் சேர்க்கப்பட்டது. அதன் இயக்கத்திற்குச் சி.இ.சி. உரையாடலே துணை. ஆதலால், பல தொலைக்காட்சிகளில் சி.இ.சி.யை நிறுத்தியதும் சவுண்டுபார் வாய்மூடிவிடும். ஒரு பிள்ளை குறும்பு செய்தமைக்காக வகுப்பு முழுவதையும் வெளியேற்றுவது முறையன்று. குறும்பு செய்ததை மட்டும் திருத்துவதே தக்கது.

சில கருவிகளில் இத்தகைய தனிக்குறிகள் இருப்பதில்லை. முழுவதும் விடுத்தல் அல்லது முழுவதும் நிறுத்தல் என்னும் இரண்டே உண்டு. அவ்விடத்து, 13-ஆம் ஊசியின் இணைப்பு இல்லாத சிறு இடைச்செருகி ஒன்றை அக்கேபிளின் முனையிற் பொருத்தலாம். படமும் ஒலியும் தடையின்றிச் செல்லும். பேச்சு மட்டும் செல்லாது. கருவிகள் தம் எண்களைக் குழப்பிக்கொண்டு ஒன்றையொன்று அறியாமல் தடுமாறும் சமயத்தில், எல்லாவற்றின் பிளக்குகளையும் பிடுங்கிச் சில நிமிடம் பொறுத்து, முதலில் தொலைக்காட்சியையும் பின்னர் ஏனையவற்றையும் இயக்கினால், அவை புதிதாக எண் பெற்று ஒழுங்குபடுவது உண்டு. எந்நிலையிலும் கருவியின் மூடியைத் திறந்து உள்ளே கைவைத்தல் ஆகாது. பிளக்கைப் பிடுங்கிய பின்னும் உள்ளுறுப்புகள் சிலவற்றில் மின்னாற்றல் தங்கியிருக்கும். அஃது உயிர்க்கு இடர் விளைக்க வல்லது.

இத்தொல்லையைச் சிறிதென்று புறக்கணித்தலும் தகாது. 100 வாட் ஆற்றல் கொள்ளும் ஒரு தொலைக்காட்சி, எவரும் பாராமல் பத்து மணி நேரம் எரிந்தால் ஓர் அலகு மின்சாரம் வீணாகிறது. அதனினும் பெரிய இழப்பு, குறையில்லாத ஒரு கருவியைக் குறையுடையதென்று எறிந்துவிட்டுப் பல்லாயிரம் ரூபாயில் புதியது வாங்குதல். புதியது வாங்கியிருப்பினும் பயன் விளைந்திராது. முரசறையும் பெட்டி அவ்விடத்திலேயே இருத்தலின், புதிய தொலைக்காட்சியும் நள்ளிரவில் எழுந்தே தீரும். அப்போது வீட்டாரின் அச்சம் ஒன்றுக்கு இரண்டாகப் பெருகியிருக்கும்.

அன்றிரவு பேர்த்தி உள்ளறைக்குச் சென்று, “பாட்டி, அது பேயும் அன்று, பழுதும் அன்று. மின்சாரம் வந்ததும் அந்தச் சிறு பெட்டி தொலைக்காட்சியைக் கூப்பிட்டிருக்கிறது, அவ்வளவே,” என்றாள். பாட்டியார் உடனே நம்பிவிடவில்லை. கூடத்திற்கு வந்து, சுவிட்சைத் தம் கையாலேயே அணைத்துப் போட்டுப் பார்த்தார். தொலைக்காட்சி இருண்டே கிடந்தது. மீண்டும் ஒரு முறை அணைத்துப் போட்டார், அப்போதும் அசைவில்லை. அதன் பின்னரே பாயைக் கொணர்ந்து கூடத்தில் விரித்தார்.

பேர்த்தியின் சொல்லைக் கேட்டு அமையாமல், தாமே சோதித்துத் தெளிந்த அப்பாட்டியாரின் செயலே அறிவியலின் நெறியாகும். அறியாமையால் விளையும் அச்சத்தைத் தைரியம் மட்டும் போக்குவதில்லை, அறிவே போக்குகிறது. நிகழ்வதைக் கூர்ந்து நோக்குதல், நோக்கியதை எழுதிவைத்தல், ஒரு காலத்தில் ஒன்றை மாற்றிச் சோதித்தல், காரணம் உறுதிப்பட்ட பின்னரே திருத்துதல் ஆகிய இந்நான்கும் தொலைக்காட்சிக்கு மட்டும் உரியன அல்ல. வயலில் வாடும் பயிருக்கும், ஒழுகும் குழாய்க்கும், ஓடாத இயந்திரத்திற்கும் அவை பொதுவாம். அவற்றைப் பழகிக்கொண்ட மாணவர், இருளிற் கிடக்கும் கயிற்றைக் கண்டு ஓடார். விளக்கைத் தேடிச் செல்வர்.